அண்ணன் இந்தியர், நான் இல்லை: நான் எந்த நாட்டவள் என்று சொல்லிக்கொள்வது?

குமரித் தங்கை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் வளர்ந்தவள் நான். வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்து, தாம் பிறந்த நாட்டைத் தம் நாடு என்று சொல்லத் தயங்கி நின்றவர்கள் இங்கே இருந்தால், அந்தத் தயக்கத்தை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் பெற்றோர் மன்னார்ப் பக்கத்தவர்கள். 1983 கலவரத்துக்கு அடுத்த ஆண்டு படகில் இராமேசுவரம் வந்து இறங்கி, சில ஆண்டுகள் மண்டபம் முகாமில் இருந்தார்கள். அண்ணன் 1987 மார்ச்சில் இராமநாதபுரத்தில் பிறந்தார். பின்னர் குடும்பம் இந்த மாவட்டத்துக்கு வந்தது. நான் 1991-இல் நாகர்கோவிலில் பிறந்தேன். எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும் அம்மா ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் முகாம் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார். இரண்டிலும் தந்தை பெயர் ஒன்றே, தாய் பெயர் ஒன்றே. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்றும், அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்வதால், அந்த நாளுக்கு மூன்று மாதம் முந்திப் பிறந்த அண்ணன் இந்தியர் ஆகிறார், நான் ஆகவில்லை. அவர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறார். அவருக்காக நான் மனதார மகிழ்கிறேன். ஆனால் அந்த விண்ணப்பத்தை அவருக்கு நிரப்பிக் கொடுத்தவள் நான்தான் என்பதால், அதிலுள்ள ஒவ்வொரு கட்டமும் எனக்கு எழுத முடியாதது என்பதை ஒவ்வொன்றாக உணர்ந்தேன்.

பள்ளியில் காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தும் நாட்டுப்பண்ணும் பாடிய குழுவில் இருந்தவள் நான். 2000-ஆம் ஆண்டு பிறந்த அன்று திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டபோது, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக் கூட்டத்துக்குள் நின்று பார்த்தேன். முகாமில் மாதந்தோறும் பணக்கொடை தரும் நாளில் பெயர் வாசித்துத் தணிக்கை செய்வார்கள். குடும்பத்தார் அனைவரும் நேரில் நிற்க வேண்டும் என்பதால், அந்த நாளில் பள்ளிக்குத் தாமதமாகப் போவதும் ஆசிரியர் காரணம் கேட்காமல் உள்ளே விடுவதும் வழக்கமாக இருந்தன. நான் மற்றப் பிள்ளைகளைப் போன்றவள் அல்ல என்பதை எனக்குச் சொன்னது அந்தக் கேட்காமைதான்.

இந்த மாவட்டத்தில் பாஸ்போர்ட் இல்லாத வீடு குறைவு. என்னோடு படித்தவர்களில் பலர் துபாய், மஸ்கட், தோகா என்று போய்விட்டார்கள். நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலும் விளவங்கோடு இடைத்தேர்தலும் சேர்ந்து நடந்தபோது, வாக்களிப்பதற்காகத் தரப்பட்ட ஊதியத்துடன் கூடிய விடுமுறை எனக்கும் கிடைத்தது. மறுநாள் அலுவலகத்தில் எல்லோர் விரலிலும் மை இருந்தது. ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

நாட்டுரிமை என்ற கட்டத்தில் 'இலங்கை' என்று எழுதினால் நான் ஒருமுறைகூடக் கால் வைக்காத நாட்டை எழுதுகிறேன். 'இந்தியா' என்று எழுதினால் சட்டப்படி பொய் சொல்கிறேன். ஒரு நாடு எனக்குச் சொந்தம் என்று நானே சொல்லிக்கொள்ளலாமா, அல்லது அந்த நாடு என்னைத் தன்னுடையவள் என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா?

கருங்கல்லான் எழுதியது:

சகோதரி, நான் குவைத்தில் பிறந்தவன். பெற்றோர் இருவரும் இந்த மாவட்டத்தவர்கள். வளைகுடா நாடுகளில் அயல்நாட்டவரின் பிள்ளைக்கு அங்கே பிறந்தது மட்டும் குடியுரிமை தராது. ஆகையால் பிறந்த ஊர் எனக்கு ஒருநாளும் உரியதாக இருந்ததில்லை, அதைச் சிறுவயதிலேயே அறிந்திருந்தேன். 1990 ஆகஸ்டில் ஈராக் படை நுழைந்தபோது சாலை வழியாக யோர்தானுக்குப் போய், அம்மானிலிருந்து விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தோம். முதல் ஓராண்டு பள்ளியில் எனக்கு 'குவைத்து' என்றே பெயர்.

இருந்தாலும் உங்கள் நிலையையும் என்னுடையதையும் ஒன்றாக வைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. போர் வந்தபோது எங்களை ஏற்றிவர ஒரு நாடு விமானம் அனுப்பியது. அந்த விமானம் யாருக்காக வந்தது என்பதில் ஒருவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

மார்த்தாண்டம் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

அன்பு மகளே, உன் கேள்வியைப் படித்தபோது என் தந்தையார் நினைவுக்கு வந்தார். அவர் கல்குளம் தாலுகாவில் திருவிதாங்கூர் மன்னரின் பிரஜையாகப் பிறந்தார். 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தவர் ஆனார். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அந்த மாநிலத்தவர் ஆனார். 1969-இல் அந்த மாநிலமே தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. இத்தனைக்கும் அவர் பிறந்த வீட்டிலிருந்து அரை மைலுக்கு அப்பால் குடிபோனதில்லை. எங்கள் நிலத்தின் பழைய பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. அதற்குப் பின் எழுதியது தமிழில் இருக்கிறது. எல்லைதான் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதே தவிர, நாங்கள் எந்த எல்லையையும் தாண்டவில்லை.

அந்த மாற்றமும் தானாக வந்ததன்று. மார்ஷல் நேசமணி தலைமையில் மக்கள் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாங்கள் எந்த மாநிலத்தோடு சேர வேண்டும் என்பதை நாங்கள் சொன்னோம். அதை ஏற்றுக்கொள்ள அரசுக்குப் பல ஆண்டுகள் ஆயின. சொந்தம் கொண்டாடியது முதலில் நடந்தது, அரசாணை பிறகு வந்தது. ஆகவே நீ காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். இந்த மாவட்டத்தில் பிறந்து, இங்கே படித்து, இங்கே உழைப்பவள் நீ. குமரி மாவட்டத்துக்காரி என்று சொல்லிக்கொள்ள உனக்கு யார் இசைவும் தேவையில்லை. நான் பணியாற்றிய பள்ளியில் முகாம் பிள்ளைகள் பலர் படித்தார்கள். அவர்களை வேறு ஊர்ப் பிள்ளைகள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

வட்டக்கோட்டை எழுதியது:

தவறாக எண்ண வேண்டாம், நடைமுறை நோக்கில் ஒன்று கேட்கிறேன். இலங்கைக் குடிமக்களுக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்து, அந்நாட்டுக் குடியுரிமை பெறும் வழி இருக்கிறது. முகாம்களிலிருந்து பலர் அப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள். 2009-இல் போர் முடிந்துவிட்டது. மன்னாரில் உங்கள் குடும்பத்துக்கு நிலமும் உறவும் இருக்கக்கூடும். எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் இருப்பதைவிட ஒரு நாட்டுக்கு உரியவராக இருப்பது மேல் அல்லவா?

குமரித் தங்கை எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் கருங்கல் அண்ணனுக்கும் நன்றி.

வட்டக்கோட்டை அவர்களுக்கு: நீங்கள் கேட்டதில் தவறில்லை, எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கிறது. சென்ற ஆண்டு என் சித்தப்பா மகன் காணொளி அழைப்பில் எங்கள் வளவைக் காட்டினான். ஒரு கிணற்றுக்கட்டும் இரண்டு பனைகளும் வேலி விழுந்த ஓர் ஓரமும் தெரிந்தன. கிணற்றுக்கட்டில் எந்தப் பக்கம் உடைந்திருக்கும் என்று அம்மா அவன் காட்டுவதற்கு முன்பே சொன்னார். அவன் கைப்பேசியைத் திருப்பியபோது அந்தப் பக்கம்தான் உடைந்திருந்தது. அம்மா அழுதார். எனக்கு அம்மாவைப் பார்த்து வருத்தம் வந்ததே தவிர, அந்த இடத்தைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. அது என் பெற்றோரின் ஊர். அதை நான் மதிக்கிறேன். ஆனால் 'திரும்பிப் போகலாமே' என்று என்னிடம் சொல்பவர்கள், புறப்படாத ஓர் இடத்துக்கு நான் எப்படித் திரும்புவது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

வேறொரு அச்சமும் இருக்கிறது. இலங்கைக் குடியுரிமையைப் பதிந்துகொண்டால், பின்னர் இந்தியக் குடியுரிமை கேட்கும் வழி எனக்கோ அண்ணனுக்கோ அடைபட்டுவிடுமா? சட்டம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்ல வேண்டுகிறேன்.

கீரிப்பாறை எழுதியது:

ஆசிரியர் ஐயா எழுதியதைப் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் ஓரிடத்தில் அவரோடு மாறுபடுகிறேன். அதற்குக் காரணம் என் குடும்பத்தின் கதை.

நாங்களும் இலங்கையிலிருந்து வந்தவர்கள்தாம், ஆனால் வேறு வழியில் வந்தவர்கள். என் பாட்டனாரின் பாட்டனார் காலத்தில் தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் இலங்கைத் தோட்டத்துக்குப் போன குடும்பம் எங்களுடையது. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். மீதமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தந்தை இந்தியப் பாஸ்போர்ட்டோடு கப்பலேறி வந்தார். தாயகம் திரும்பியவர் என்று பதிவேட்டில் எழுதினார்கள். அவர் அதற்கு முன்பு இந்தியாவைப் பார்த்ததே இல்லை. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகத் தேயிலைத் தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களும் ஒதுக்கப்பட்டன; அப்படித்தான் நாங்கள் கீரிப்பாறைக்கு வந்து சேர்ந்தோம். அரசு ரப்பர் கழகம் 1984-இல் தொடங்கப்பட்டது. அம்மாவும் அப்பாவும் அதில் பால்வடிப்புத் தொழிலாளர்கள். விடியும் முன்பே தலைவிளக்கு மாட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போய்ப் பட்டையைச் சீவிவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் மறுபடி போய்ச் சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் எடுத்து வந்து நிறுவைக்கு நிற்பார்கள். மழைக்காலத்தில் வெட்டு நின்றால் வருமானமும் குறையும்.

உங்களிடம் இல்லாத எல்லாத் தாள்களும் எங்களிடம் இருந்தன. குடியுரிமை, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, எல்லாம். இருந்தும் குலசேகரம் சந்தையில் என் அம்மா 'சிலோன்காரி'. பள்ளியில் நான் 'சிலோன்காரன்'. நான் இங்கே பிறந்தவன் என்று சொன்னால், 'சரி, அப்பா எங்கே பிறந்தவர்?' என்று அடுத்த கேள்வி வரும். இலங்கையில் என் தந்தையை இந்தியாக்காரன் என்று சொல்லித்தான் அனுப்பிவைத்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஆகவே தாள் கிடைத்ததும் மனத்திலுள்ள கேள்வி தீர்ந்துவிடும் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன், எனக்குத் தீரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து, இந்த ஊர்த் திருமணங்களுக்கும் இழவு வீடுகளுக்கும் போகத் தொடங்கி, என் திருமணத்தில் ஊரார் பந்தியில் நின்று பரிமாறிய பிறகு, அந்தக் கேள்வி கேட்பாரற்றுப் போயிற்று. எந்த நாளில் போயிற்று என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, 'தாளில் என்ன இருக்கிறது, மனம்தான் முக்கியம்' என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள், ஆசிரியர் ஐயாவும் அன்போடுதான் சொன்னார். தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது என் தந்தை முன்வரிசையில் நின்றார். முகாம் பதிவில் இருக்கும் ஒருவர் அப்படி நிற்பதற்கு முன் எத்தனை முறை யோசிக்க வேண்டியிருக்கும்? என்னைச் சந்தையில் இகழ்ந்தவனோடு நான் சண்டை போட முடிந்தது. முகாம்களைக் கண்காணிக்கும் காவல்துறைப் பிரிவான கியூ பிராஞ்சுக்குச் செய்தி போகுமோ என்று நான் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஒரு நாட்டைக் குறைகூறவும் அதனிடம் கேட்கவும் அதன் தெருவில் கோபப்படவும் முடிகிறவனுக்குத்தான் அந்த நாடு உண்மையில் சொந்தம். அதைத் தருவது அந்தத் தாள்தான். ஐயாவின் தந்தையார் காலத்தில் மக்கள் மாநிலத்தை மாற்றக் கேட்டார்கள் என்றால், அவர்கள் ஏற்கெனவே குடிமக்களாக இருந்ததால் கேட்க முடிந்தது.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். இந்த ஊர் உங்களுடையது என்று சொல்ல யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அதே வேளையில், அரசு உங்களுக்குத் தர வேண்டியதைக் கேட்பதை ஒருநாளும் நிறுத்த வேண்டாம். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறக்கச் செய்வது உங்களுக்கு நியாயம் ஆகாது.

மார்த்தாண்டம் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

தம்பி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். 1954-இல் தெருவில் இறங்கியவர்களை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவோம் என்று யாரும் மிரட்ட முடிந்திருக்காது.

தக்கலை வழக்குரைஞர் எழுதியது:

கேட்கப்பட்ட சட்டக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இது பொதுவான விளக்கம்; ஆவணங்களைப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல இயலாது.

அண்ணனின் நிலை வலுவானது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி, 1950 சனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர்கள், வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற மிகச் சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் யாராயினும் குடிமக்களே. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தக் காரணத்தைக் கொண்டே பாஸ்போர்ட் வழங்குமாறு 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். விண்ணப்பம் இழுபட்டால் அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டலாம்.

தங்கையின் நிலைதான் கடினம். பிறப்பு வழி மூடியிருக்கிறது. எஞ்சியிருப்பவை, நெடுங்காலம் இங்கே வாழ்ந்ததைக் காட்டி இயல்புரிமை வழியில் குடியுரிமை கோருவதும், இந்தியக் குடிமகன் ஒருவரை மணந்தவர் விண்ணப்பத்துக்கு முன் ஏழாண்டு இந்தியாவில் வாழ்ந்திருந்தால் பதிவு கோருவதும் ஆகும். இரண்டுக்கும் குறுக்கே நிற்பது, சட்டவிரோதமாகக் குடியேறியவர் விண்ணப்பிக்க முடியாது என்ற விதி. உரிய பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர், அல்லது அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவர் என்றே சட்டம் அதற்கு விளக்கம் சொல்கிறது. நாகர்கோவிலில் பிறந்த ஒருவர் எங்கிருந்து, எந்த நாளில் நுழைந்தார்? இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் வலுவாக எழுப்ப முடியும் என்பது என் கருத்து. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டுமே என்பதால் அது உங்களுக்கு உதவாது. 2015 சனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அது குடியுரிமை அல்ல. ஆயினும் விண்ணப்பத்தோடு இணைக்கத் தக்கது.

இலங்கைப் பதிவைப் பற்றி. இயல்புரிமை கோருவோர் வெளிநாட்டவர்களே என்பதால், தங்கை அந்நாட்டுக் குடியுரிமையைப் பதிந்துகொள்வது மட்டுமே அந்த வழியை அடைத்துவிடாது. ஆனால் அண்ணனின் நிலை முற்றிலும் வேறு. ஓர் இந்தியக் குடிமகன் தானாக விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், 9-ஆவது பிரிவின்படி அவருடைய இந்தியக் குடியுரிமை முடிந்துபோகும்; வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டைப் பெற்றதையே விதிகள் அதற்குச் சான்றாகக் கொள்கின்றன. ஆகவே அவர் துணைத் தூதரகத்தின் எந்தப் படிவத்திலும் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். ஏற்கெனவே இட்டிருந்தால், அதன் நகலையும், பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலங்களையும் எடுத்துக்கொண்டு முதலில் ஒரு வழக்குரைஞரைப் பார்க்கட்டும். தந்தையின் பெயர் மூன்றிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். முகாம் பதிவுகளில் பெயர்கள் கேட்டபடி எழுதப்பட்டிருக்கும். பாஸ்போர்ட் விசாரணை பெரும்பாலும் அங்கேதான் நின்றுபோகிறது. எழுத்து மாறியிருந்தால் முகாமுக்குரிய தனி வட்டாட்சியரிடம் இப்போதே திருத்த மனு கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.